சோளச்சக்கை

ஜனவரி 18
மக்காச்சோளம் அடிக்கிற மிஷின் இன்று எங்கள் காட்டுக்கு வந்தது. என் வீட்டுக்காரர், இவர்தான் மிஷினுக்குள் கதிர் தள்ளினார். சாயங்காலம் இடது கண்ணைக் கசக்கிக்கொண்டே வந்தார். “சக்கை தெறிச்சிருச்சு. தூங்குனா சரியாப்போகும், விடு.” எனக்கும் இடுப்பு ஒடிகிறது. விட்டுவிட்டேன்.

ஜனவரி 20
கண் கோவைப்பழமாகிவிட்டது. இவருடைய அக்கா பஞ்சவர்ணம் மதினி மருந்துக்கடையில் சொட்டு மருந்து வாங்கி வந்தார். டாக்டர் சீட்டெல்லாம் கேட்கவில்லையாம்.

ஜனவரி 23
சிவப்பு குறைந்திருக்கிறது. “கடைக்காரப் பயலுக்குக் கைராசி”ன்னு மதினிக்கு ஒரே பெருமை.

ஜனவரி 29
வெளிச்சம் பட்டால் சுவர்ப்பக்கம் திரும்பிக்கொள்கிறார். கருவிழியில் சோற்றுப்பருக்கை போல வெள்ளையாக ஒன்று. நாளைக்கு மதுரை. வரமாட்டேன் என்கிறார். வராமல் எங்கே போவார்?

ஜனவரி 30
கண் ஆஸ்பத்திரியில் கருவிழியைச் சுரண்டியெடுத்துப் பார்த்தார்கள். “பூஞ்சைங்க. சக்கை கீறுன இடத்துல உள்ள போயிருக்கு” என்றார் டாக்டரம்மா.

“மாவு புளிச்சா மேல பூக்குமே, அதுவா? என் கண்ணுலயா?” என்று இவர் சிரித்தார். டாக்டரம்மா சிரிக்கவில்லை. மதினி வாங்கிய மருந்தைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். “இது சிவப்பை அமுக்கும். பூஞ்சைக்கு இதான் தீனி.”

சர்க்கரையும் இருக்கிறதாம். அதுவும் இன்றைக்குத்தான் தெரிந்தது.

பிப்ரவரி 3
ஆஸ்பத்திரியிலேயே படுக்க வைத்துவிட்டார்கள். பால் மாதிரி ஒரு மருந்து. மணிக்கொரு தடவை விட வேண்டும். உட்கார்ந்தபடியே தூங்கிப்போகிறேன், நர்ஸ் வந்து தோளைத் தட்டுகிறார். “செத்த நேரம் விடுடி, எரியுது” என்றார் இவர். “எரியட்டும்”னு சொல்லிட்டேன். ஏன் அப்படிச் சொன்னேன்? மனுஷன் அழுதுட்டாரு. எனக்கு முடியல. சத்தியமா முடியல.

பிப்ரவரி 6
மதினி சோறு கொண்டுவந்தார். உள்ளே வராமல் வாசலிலேயே நின்றார். “எந் தம்பி கண்ண நாந்தானத்தா கெடுத்தேன்?”

ஆமாம் என்று சொல்ல வாய்வரை வந்தது. முகத்தைப் பார்த்தேன். அவரும் தூங்கியிருக்கவில்லை. “உக்காந்து சாப்பிடுங்க மதினி” என்றேன்.

பிப்ரவரி 9
பரவுகிறது.

பிப்ரவரி 11
ஓட்டை விழுந்துவிடும் போல இருக்கிறதாம். வேறு கருவிழி வைத்துத் தைக்க வேண்டும். “பார்வை வரும்னு சொல்லமாட்டேன். கண்ணு நிக்கணும்ல, அதுக்கு” என்றார் டாக்டரம்மா.

“யாரு கண்ணு?” இவர் கேட்டார்.

“இறந்துபோன ஒருத்தரோடதுய்யா.”

இவர், “அவுக வீட்ல இன்னும் அழுதுகிட்டு இருப்பாகளே” என்றார்.



மார்ச் 4
வீட்டுக்கு வந்துவிட்டோம். தைத்த கண் நின்றுவிட்டது. அதில் வெளிச்சம் தெரிகிறது, இருட்டு தெரிகிறது. அவ்வளவுதான். மருந்து இன்னும் பல மாதம்.

ஏப்ரல் 22
உசிலம்பட்டிச் சந்தைக்குப் போனோம். கல்யாணமான நாளிலிருந்து நாலடி முன்னால் நடக்கிறவர்; நான் பையைத் தூக்கிக்கொண்டு பின்னால் ஓடுவேன். இன்றும் அப்படித்தான் போனார். இடப்பக்கம் வந்த தள்ளுவண்டியில் இடித்து வெங்காயம் தெருவெல்லாம் உருண்டது. “கண்ணு தெரியலையாய்யா?” என்று வண்டிக்காரர் கத்தினார். ரெண்டு பேரும் குனிந்து பொறுக்கிக் கொடுத்தோம்.

அப்புறம் இவர் நடக்கவில்லை. நின்றார். நான் பக்கத்தில் போனதும், முகத்தைத் திருப்பாமல் சொன்னார்: “இந்தப் பக்கமா வாடி.”

அவருக்கு இடது பக்கமாகப் போய் நடந்தேன்.