துருவோடு ஒரு சண்டை, தங்கச்சியோடு ஒரு சண்டை

2-4-81, வியாழன்

இன்று வண்டியின் பின்தொட்டியில் துருவைக் கண்டேன். உள்ளங்கை அகலம்தான். ஆனால் என் கண்ணுக்கு விளாங்குடியில் தொடங்கிக் கன்னியாகுமரி வரை பரவிக் கிடந்தது.

வண்டி என் தங்கை மகன் ராயப்பனுடையது. பழைய பிக்கப், நீலக்கலர். கொட்டாம்பட்டி வியாபாரி சோணையின் புளியை மதுரைக்கு ஏற்றி வருகிறான். கெடாமல் இருக்கக் கல்லுப்பைக் கலந்து மிதித்துத்தான் புளியைக் கூடையில் அடைக்கிறார்கள். ஒழுகுகிற சாறு பெயின்ட்டைத் தின்கிறது. பெயின்ட் போன இடத்தில் உப்பு உட்கார்ந்து தகரத்தைத் தின்கிறது. நல்ல கூட்டுக் குடும்பம்.

தங்கை சூசையம்மாள், மிஷன் பள்ளியில் மூன்றாம் கிளாஸ் டீச்சர், வாசலில் நின்றே தீர்ப்பு வாசித்தாள்: "மே மாசம் எஃப்.சி.க்குப் போகணும்ல? பிரேக் இன்ஸ்பெக்டர் வேணாம்னு தள்ளிட்டார்னா வண்டியைப் பழைய இரும்புக்குப் போட்டுட்டு, ஜூன்ல இவன் பள்ளிக்கூட ஆபீஸ்ல கிளார்க்கா உக்காரணும். ஃபாதர்கிட்ட சொல்லியாச்சு."

ராயப்பன் தலையாட்டிவிட்டான். மடையன். அவனை நாற்காலியில் உட்கார வைப்பதும் வௌவாலை நிமிர்த்தித் தொங்கவிடுவதும் ஒன்று. ஸ்டியரிங்கைப் பிடித்த பிறகுதான் அவன் முகத்தில் சிரிப்பையே பார்க்கிறேன்.

ஆகவே, இந்த வண்டியின் பெயின்ட்டுக்கும் தகரத்துக்கும் தலைமைப் பாதுகாவலராக என்னை நானே நியமித்துக்கொண்டேன். தபாலாபீசில் காலமெல்லாம் முத்திரை குத்திய கை இது. துரு நடுங்கட்டும்.

6-4-81

வண்டி முழுக்க விளக்கெண்ணெய் பூசினேன். அந்த மினுமினுப்பில் யானைமலையே முகம் பார்த்துத் தலைவாரலாம்.

7-4-81

கொட்டாம்பட்டி ரோட்டுப் புழுதி அம்புட்டும் வண்டியோடு வீடு வந்து சேர்ந்தது. வழியில் கோழி ஏற்றுகிற இடத்தில் நிறுத்தினானாம். இறகுகளும் வந்தன. ராயப்பன் சொன்னான், "செக்போஸ்ட்ல கேக்குறான் மாமா, இது ஓடுமா, பறக்குமான்னு."

சோப்புப் போட்டுக் கழுவினோம். இடுப்பு போச்சு.

16-4-81, பெரிய வியாழன்

ஈஸ்டர் முடியும்வரை லோடு இல்லை. இந்த வெயில் பெயின்ட்டை அப்பளமாய்ப் பொரித்துவிடும். நனைத்த சாக்குகளால் தொட்டியை மூடினேன். வேளாவேளைக்குத் தண்ணீர் தெளிக்கிறேன். இவ்வளவு குளுமை கவர்னர் பங்களாவிலும் இருக்காது.

20-4-81

சாக்கை எடுத்தேன்.

ஆண்டவர் மூன்றாம் நாள் உயிர்த்தெழுந்தார். என் துரு அதுவரைகூடப் பொறுக்கவில்லை போலிருக்கிறது. தொட்டி முழுக்கச் செம்மண் காடு. ஒரு மூலையில் ரூபாய் அகலத்துக்கு ஓட்டை. அதன் வழியே தரை தெரிகிறது.

சூசையம்மாள் சிரித்த சிரிப்பு திண்டுக்கல்லில் கேட்டிருக்கும். "கோயில் பித்தளை மெழுகுத்திரி ஸ்டாண்டைப் புளி போட்டுத் தேய்ச்சா உடனே கழுவிச் சொட்டு ஈரமில்லாமத் துடைச்சிரணும். இல்லாட்டி மறுநாளே கறுத்துரும். இது என் கிளாஸ் பிள்ளைக்கே தெரியும். நீங்க உப்பும் புளியும் ஊறுன தகரத்துக்கு ஈரச்சாக்கு போத்தி வச்சிருக்கீங்க!"

ராயப்பன் சிரிக்கவில்லை. படியில் உட்கார்ந்து, "கிளார்க்குன்னா தினம் ஷூ போடணுமா மாமா?" என்று கேட்டான்.

நான் என்னத்தப் பண்ணித் தொலைச்சேன்? துரு தன்பாட்டுக்குக் கெடந்துச்சு. காப்பாத்துறேன், காப்பாத்துறேன்னு தண்ணி ஊத்தி வளத்திருக்கேனே— சோறு இறங்கவில்லை.

5-5-81

மூளை மீண்டும் வேலை செய்கிறது. ஓட்டையில் சோப்பைக் குழைத்து அடைத்தேன். அதன்மேல் காலண்டர் அட்டை. அதன்மேல் ஜன்னலுக்கு அடித்து மிஞ்சிய நீலம். பிரேக் இன்ஸ்பெக்டர் என்ன, படைத்தவனே வந்தாலும் கண்டுபிடிக்க முடியாது.

சூசையம்மாள் வந்தாள். ஒரு விரலால் அழுத்தினாள். விரல் அந்தப் பக்கம் போய் நின்றது.

"என்னண்ணே இது?"

"கலை."

"காப்பியடிக்கிறது! இவன் ஃபெயிலாகணும்னுதான் நான் தினம் ஜெபம் பண்றேன். ஆனா ஒழுங்கா எழுதி ஃபெயிலாகணும். உரிங்க இதை."

உரித்தேன்.

9-5-81, சனி

உப்புத்தாள் போட்டுத் துருவைத் தேய்க்கும் படலம். கண்ணில் படுகிற இடமெல்லாம் தேய்த்து முடித்து ஒரு டீ குடிக்கலாம் என்று எழுந்தேன்.

"மூலையெல்லாம் யாரு தேய்ப்பா, உங்க போஸ்ட்மாஸ்டரா?" வராந்தாவில் காய் நறுக்கிக்கொண்டிருந்த சூசையம்மாள். "இங்க பாருங்க. விளிம்புல பாருங்க. இதுக்குப் பேரு தேய்க்கிறதா? தள்ளுங்க."

உப்புத்தாளைப் பிடுங்கிக்கொண்டாள். முந்தானையைச் செருகிக்கொண்டு தொட்டியில் ஏறினாள். வெயில் உச்சிக்கு வந்தும் இறங்கவில்லை. ராயப்பனும் நானும் சுவரோரம் மூச்சுவிடாமல் நின்றோம். மூச்சுச் சத்தம் கேட்டால், தான் என்ன செய்துகொண்டிருக்கிறோம் என்பது அவளுக்கு நினைவு வந்துவிடும்.

சாயங்காலமும் சட்டியில் பாதி நறுக்கிய கத்தரிக்காய் வாடிக் கிடந்தது. ராத்திரிக்கு ஹோட்டல் இட்லி.

12-5-81

ஓட்டைக்குத் தகரம் வைத்துப் பற்றவைத்து வந்தான் ராயப்பன். துருப்பிடிக்காமலிருக்க ரெட் ஆக்சைடு அடித்தோம். ஒரு கோட் போதும் என்றேன். சூசையம்மாள் முட்டி போடச் சொல்வதுபோல் பார்த்தாள். இரண்டு கோட்.

15-5-81

நீலம் அடித்தாயிற்று. அடிப்பக்கம் முழுக்கப் பழைய இன்ஜின் ஆயில். தொட்டிக்குத் தார்ப்பாய், அதன்மேல் பலகை. புளிச்சாறு இனித் தகரத்தைத் தொட முடியாது. அவள் இந்த வாரம் ஜெபத்தில் என்ன கேட்டாள் என்று விசாரிக்கவில்லை.

20-5-81

பிரேக் இன்ஸ்பெக்டர் சாவியால் தட்டினார், குனிந்தார், அடியில் எட்டிப் பார்த்தார். பாஸ்!

ஓடிவந்து சூசையம்மாளிடம் சொன்னோம். "அடியில சரியாப் பாத்தாரா?" என்றாள். பார்த்தார் என்றேன். "ம்" என்று உள்ளே போனாள். ரொம்ப நேரம் பாத்திரம் உருண்டது. ஃபாதர் வீட்டுக்கு அவளேதான் நடந்து போய் வந்தாள். என்ன சொன்னாள் என்று நான் கேட்கவில்லை. எனக்கும் சில நேரம் வாயை மூடத் தெரியும்.

9-6-81, செவ்வாய்

பள்ளி நேற்றுத் திறந்தது. ஆபீஸ் நாற்காலிக்கு வாடிப்பட்டிப் பையன் ஒருவன் வந்திருக்கிறானாம்.

காலையில் ராயப்பன், "ஏறும்மா, பள்ளிக்கூடத்துல இறக்கிவிட்டுட்டு லோடுக்குப் போறேன்" என்றான். ஏறப் போனவள் நின்றாள். பின்பக்கம் போய்த் தொட்டியின் விளிம்பில் விரலை ஓட்டி, நாக்கு நுனியில் வைத்தாள்.

"நேத்து லோடு இறக்கிட்டுக் கழுவலை. கரிக்குது."

"வந்து கழுவுறேன்மா, மணி ஆச்சு—"

"வாளியை எடு."

கழுவி, துணி போட்டுத் துடைத்து, மறுபடி விரல் ஓட்டிப் பார்த்த பிறகுதான் ஏறினாள். பள்ளியின் முதல் மணி இங்கே வாசலிலேயே எனக்குக் கேட்டது. டீச்சர் அப்போதுதான் வண்டிக் கதவைச் சாத்திக்கொண்டிருந்தாள்.