பச்சை ஷெவர்லேயின் அடிப்பக்கம்

1937 ஜூன் 6, ஞாயிறு

எஜமானின் ஷெவர்லேயை இன்று மூக்கிலிருந்து வால் வரை நூல் பிடித்து அளந்துவிட்டேன். பதினாலு அடிக்குக் கொஞ்சம் குறைவு. அடிக்கு ஓர் அங்குலம் என்பது என் கணக்கு. பள்ளிக்கூடக் கணக்கில் முட்டை வாங்குகிறவன், இந்தக் கணக்கில் ஓர் இழை பிசகமாட்டேன்.

அப்பா வண்டி விடுகிறார், நான் கதை விடுகிறேன் என்று வாத்தியார் சொல்லுகிறார். சொல்லட்டும். எஜமான் ராயகிரிப் பக்கத்துப் பண்ணையார்; அவர் குற்றாலம் பங்களாவுக்கு வாங்கிய வண்டிக்கு அப்பா டிரைவர். தென்காசியில் மண்ணெண்ணெய்த் தகரத்தில் உருவாகும் வண்டிக்கு நான் பிரம்மா. சீட்டு, சுருட்டுப் பெட்டிப் பலகை. டயர், சைக்கிள் டியூப். ஸ்டியரிங், எதிர்வீட்டுக் கைக்குழந்தையின் வளையல். காக்காய் தூக்கிப் போயிற்று என்று சொன்னேன். "காக்காய்க்கு எதுக்குலே வளையல்?" என்று அந்த வீட்டில் கேட்டார்கள். "கருப்பா இருந்தாலும் அதுவும் பொட்டச்சி இல்லியா" என்றேன்.

அம்மா: "தகரத்தைத் தட்டித் தட்டி என் தலையே தகரமாப் போச்சுலே."

மேல்பக்கம் முடிந்த மாதிரிதான். அடிப்பக்கம் பாக்கி. யார் கவிழ்த்துப் பார்க்கப் போகிறார்கள்? நான் பார்ப்பேனே.

ஜூன் 13, ஞாயிறு

சாரல். பங்களாக் கொட்டகையில் வண்டிக்கு அடியில் ஒரு மணி நேரம் மல்லாந்து கிடந்தேன். பிரேக் கம்பி கால்மிதியோடு சேருகிற இடத்தில் ஓர் ஆணி. அது நழுவாமலிருக்க அதன் நுனியில் கொண்டை ஊசி மாதிரி ஒரு சின்னப் பின். அதன் வளைவு கீழே இருந்து பார்த்தால் பிடிபடவில்லை. கழற்றி உள்ளங்கையில் வைத்துப் பார்த்தேன். என்ன அழகு!

அப்போதுதான் நல்லதம்பியின் கால் கண்ணில் பட்டது. கிளீனர் நல்லதம்பி, என்னைவிட நாலு வயது மூத்தவன், ஏதோ பாட்டை முணுமுணுத்துக்கொண்டு கதவு துடைத்தான். சும்மா இருக்க முடியுமா? இரண்டு கட்டைவிரலிலும் கிரீஸை அப்பினேன். பாம்பு நக்கியதாக நினைத்து அவன் குதித்த குதியில் வாளி கவிழ்ந்தது. "ஏலே மூதி! வெளிய வாலே, உன் பல்லை எண்ணுதேன்!" என்று கொட்டகையை மூன்று சுற்று துரத்தினான். அப்பா வந்து இரண்டு பேரையும் திட்டினார்.

வீட்டுக்கு வந்து சட்டையைக் கழற்றும்போதுதான் தெரிந்தது. அந்தப் பின் என் சட்டைப்பையில்.

ஜூன் 14

வண்டி எஜமானை ஏற்றிக்கொண்டு திருநெல்வேலி போய்விட்டதாம். புதன் சாயங்காலம்தான் திரும்பும்.

பின் இல்லாவிட்டால் என்ன, ஆணிதான் இருக்கிறதே. அசலை முன்னால் வைத்துக்கொண்டே குடைக்கம்பி இழையில் ஒரு குட்டிப் பின் செய்தேன். கொசுவுக்குக் கொண்டை ஊசி. என் வண்டியில் மிதியை விரலால் அழுத்தினால் பின்சக்கரம் நிற்கிறது. நிஜமாகவே நிற்கிறது!

ஜூன் 16, புதன்

வண்டி வந்துவிட்டது. பள்ளிக்கூடம் விட்டதும் குற்றாலம் போய்ப் பின்னை மாட்டியிருக்கலாம். பச்சைப் பெயின்ட் அப்போதுதான் பூசியிருந்தேன், மழை ஈரத்தில் வழிய ஆரம்பித்தது. விட்டுப் போனால் மட்கார்டு பாழ். நாளைக்குப் போகிறேன்.

ஜூன் 17

ஐந்தருவியில் விருந்தாளிகளை இறக்கிவிட்டு வண்டி திரும்பியிருக்கிறது. இறக்கத்தில் பிரேக் பிடிக்கவில்லை. ரோடு நிறையக் குளித்துவிட்டு வருகிற சனம். அவர்கள்மேல் ஏறாமலிருக்க அப்பா இடப்பக்கம் ஒடித்து மாமரத்தில் மோதியிருக்கிறார். நல்லதம்பி இடப்பக்கத்துப் படியில் நின்றுகொண்டிருந்தான்.

அப்பாவுக்கு நெற்றியில் மட்டும் காயம்.

பின் தீப்பெட்டிக்குள் இருக்கிறது. திறந்து பார்த்தேன். மூடினேன். மறுபடி திறந்தேன்—

ஜூன் 18

முழங்காலுக்குக் கீழே எடுத்துவிட்டார்கள். இடது கால்.

ஜூன் 20, ஞாயிறு

சப் இன்ஸ்பெக்டர் வந்தார். கூட வந்த மெக்கானிக் வண்டிக்கு அடியில் படுத்துவிட்டு எழுந்து, "பின்னைக் காணோம் எஜமான். ஆணி தானா உருவி விழுந்திருக்கு" என்றான்.

"கிரீஸ் போடுதது யாரு?" என்றார் எஜமான்.

"கிளீனர் பய" என்றான் மெக்கானிக்.

"அப்ப அவன் கழத்திட்டுப் போடாம விட்டிருக்கான். அவன் காலை அவனே முறிச்சுக்கிட்டான். கேஸை அவன்மேல எழுதும்."

நான் அப்பா முகத்தைப் பார்த்தேன். அப்பா ஒரு வார்த்தை பேசவில்லை. நல்லதம்பியை அவர் மகன் மாதிரி வைத்திருந்தவர். ஏன் பேசவில்லை?

நான் ஏன் பேசவில்லை? வாய் ஓயாத பயல் என்று தென்காசிக்கே தெரியும்.

ஜூன் 23

மாரித்தாய் வந்தாள். நல்லதம்பியின் அம்மா, அருவிக்கரையில் சீயக்காய்ப் பொடி விற்கிறவள். வாசலிலேயே நின்றாள்.

"அண்ணாச்சி, எம்மவன் பின்னை மாட்டாம விடுதவனா? நீங்க ஒரு வார்த்தை சொன்னா எஜமான் கேப்பாரு. காலும் போயி, ஜெயிலுக்கும் போவானா அவன்?"

"எனக்கு என்ன தெரியும் தாயீ" என்றார் அப்பா, தரையைப் பார்த்துக்கொண்டு.

அம்மா தண்ணீர் கொடுத்தாள். மாரித்தாய் குடிக்காமல் செம்பைக் கீழே வைத்துவிட்டுப் போனாள். நான் அரத்தைக் கையில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். என்னைப் பார்த்து, "நீயாவது நல்லாப் படிலே ராசா" என்று சொல்லிவிட்டுத்தான் போனாள்.

ஜூன் 24

சொல்லிவிட்டேன்.

தீப்பெட்டியை அப்பாவின் சாப்பாட்டுத் தட்டுக்குப் பக்கத்தில் வைத்தேன். திறந்தார். பின்னை எடுத்து விளக்குப் பக்கம் பிடித்தார்.

"எங்கன கிடந்துச்சு இது?"

"நான்தாம்ப்பா கழத்துனேன். வளைவு பாக்கதுக்கு. மறந்து கொண்டாந்துட்டேன். அப்புறம்... அப்புறம் மறக்கலை. நாளைக்கு, நாளைக்குன்னு இருந்துட்டேன்."

அடிப்பார் என்று கண்ணை மூடிக்கொண்டேன். அடிக்கவில்லை. அடித்திருக்கலாம். அம்மாதான் தலையில் அடித்துக்கொண்டாள்.

பிறகு அப்பா சொன்னது: "வண்டி எடுக்கும் முன்ன தினம் அடியில படுத்துப் பாக்கணும். அதான் டிரைவருக்கு முதல் வேலை. அந்த நாலு நாளும் தரை ஈரம், துவைச்ச வேட்டின்னு பாக்கலை. அதை எப்படிச் சொல்லதுன்னுதான் வாயை மூடிக்கிட்டிருந்தேன்."

நான் பேசாததற்குக் காரணம் நான். அவர் பேசாததற்குக் காரணம் அவர். நடுவில் நல்லதம்பி.

"உனக்குப் பதினஞ்சு வயசு, எனக்கு நாப்பத்திமூணு. என் தப்புதான் பெரிசு. விடிஞ்சதும் ஸ்டேஷனுக்குக் கிளம்பு" என்றார்.

ஜூன் 25

ஸ்டேஷனில் எஜமானும் இருந்தார். "உம்ம வேலையைக் காப்பாத்திக்கிட வழி இருக்கே ஓய், ஏன் இந்தக் கூத்து?" என்றார் அப்பாவிடம்.

"அந்தப் பையன் கழத்தலை எஜமான்" என்றார் அப்பா. அவ்வளவுதான்.

சப் இன்ஸ்பெக்டர் என்னை நம்பவில்லை. "ஏலே, உன் சேட்டையெல்லாம் எனக்குத் தெரியும். எங்கன இருந்து எடுத்தே, சொல்லு பாப்போம்." என் வண்டியைக் கொண்டுபோயிருந்தேன். அவர் மேசைமேல் கவிழ்த்துக் காட்டினேன். கம்பி, ஆணி, பின். குட்டிப் பின்னைக் கழற்றினேன். ஆணியை உருவிக் காட்டினேன். சக்கரத்தைச் சுழற்றிவிட்டேன். மிதியை அழுத்தினேன். சக்கரம் தன்பாட்டுக்குச் சுற்றியது. மறுபடி மாட்டி அழுத்தினேன். நின்றது.

அவர் குனிந்து தன் விரலாலும் மிதியை அழுத்திப் பார்த்தார். "நல்லா செஞ்சிருக்கேலே" என்றார்.

இந்த அடிப்பக்கத்தை என்னைத் தவிரக் கவிழ்த்துப் பார்த்த முதல் ஆள்.

வண்டியைச் சாட்சிப் பொருளாக வாங்கி வைத்துக்கொண்டார்கள். கேஸிலிருந்து நல்லதம்பி பேரை அடித்துவிட்டார்கள். என்னை எச்சரித்து விட்டார்கள். அப்பாவின் லைசன்ஸ் மூன்று மாதத்துக்கு முடக்கம். வேலை அங்கேயே, எஜமான் வாயாலேயே போய்விட்டது.

ஜூலை 11

ஆஸ்பத்திரிக்குப் போனேன். இரண்டு தடவை வாசல் வரை போய்த் திரும்பியவன்தான். மாரித்தாய் என்னைக் கண்டதும் எழுந்து வெளியே போய்விட்டாள்.

நல்லதம்பி சுவரைப் பார்த்துப் படுத்திருந்தான். திரும்பினான்.

"வாலே. இனிமே நீ கிரீஸ் அப்புததுக்கு ஒரு கட்டைவிரல்தான்."

நான் ஸ்டூலை இழுத்துப் போட்டு உட்கார்ந்தேன்.

"சிரிலே. நல்லாத்தானே சொன்னேன்?"

முடியவில்லை.

"உன் தகர வண்டியில பிரேக் பிடிக்குதாமே?"

"பிடிக்கு."

"பிடிக்கட்டும்" என்று மறுபடி சுவர்ப்பக்கம் திரும்பிக்கொண்டான். சரி, போகட்டுமா என்று கேட்டேன். சாயங்காலம் வரை உட்கார்ந்திருந்தேன். அவன் போ என்று சொல்லவில்லை.

ஆகஸ்டு 2

பள்ளிக்கூடத்துக்குப் போகவில்லை. இனிமேலும் போவதற்கில்லை. அப்பா வரப்பு வேலைக்குப் போகிறார். நான் பங்களாத் தெருவில் நல்லதம்பியைப் பிடித்துக்கொண்டு நடக்கிறேன். கக்கத்துக் கட்டை அவனுக்கு இன்னும் பழகவில்லை. என் தோளில் கை வைப்பதற்குப் பதில் சுவரில் வைக்கிறான்.

அக்டோபர் 3, ஞாயிறு

லைசன்ஸ் வந்துவிட்டது. புளியங்குடியில் எலுமிச்சம்பழம் ஏற்றுகிற லாரி அப்பாவுக்கு. கமிஷன் கடையில் மூட்டைக்குக் குறி போடுகிற வேலை, உட்கார்ந்து செய்கிறது, நல்லதம்பிக்கு. அப்பா கேட்டு வாங்கியது. நான் லாரிக்குக் கிளீனர்.

காலையில் நான் லாரிக்கு அடியில் படுத்து ஒவ்வொன்றாகச் சொல்லுகிறேன். முன் பிரேக் பின் இருக்கு. நடுக்கம்பி இருக்கு. பின்பக்கத்துப் பின்னும் இருக்கு. அப்பா சரி என்கிறார். பிறகு துண்டை விரித்து அவரும் படுத்து முதலிலிருந்து பார்க்கிறார்.

அக்டோபர் 20

இன்றும் பார்த்தார்.

நவம்பர் 19

விடிகாலை மழை. சங்கரன்கோயில் லோடு. தரையெல்லாம் சேறு. படுத்துப் பார்த்து, எல்லாம் இருக்கு என்றேன். அப்பா துண்டை எடுக்கவில்லை. "சரிலே, கிளம்புவோம்" என்று ஏறி உட்கார்ந்துவிட்டார்.

நான் ஏறவில்லை. "ஒரு நிமிசம்ப்பா" என்று சொல்லிவிட்டு மறுபடி சேற்றில் படுத்து, முதலிலிருந்து பார்த்தேன்.