நொச்சி என்று நினைத்து

மடு மாதா துணை
ரொறன்ரோ, 14.9.1997

அன்புள்ள மெற்றில்டாவுக்கு,

நான் நலம். நீரும் மகள் ஜெனிற்றாவும் நலமாயிருக்க மாதாவை மன்றாடுகிறேன்.

பிள்ளைக்குக் காய்ச்சல், மருந்தில்லை, நொச்சி இலை அவித்து அந்த ஆவியில் வேது பிடிக்கிறேன் என்று வைகாசியில் எழுதினீர். அதற்குப் பிறகு கடிதமே இல்லை. கொட்டிலுக்குத் தடி, அடுப்புக்கு விறகு, பசிக்குப் பாலைப்பழம், எல்லாம் நாங்கள் இடம்பெயர்ந்து வந்த இந்த வன்னிக் காடு தருகிறது, யோசிக்க வேண்டாம் என்றும் எழுதியிருந்தீர். அந்த ஒரு வரியைப் பிடித்துக்கொண்டுதான் வேலைக்குப் போய்வருகிறேன்.

போன கிழமை எனக்கும் காய்ச்சல். வீட்டுக்குப் பின்னால் பள்ளத்தில் ஒரு சிறு காடு உண்டு. அங்கே மூவிலைச் செடியொன்றைக் கண்டு, நொச்சி என்று நினைத்து அள்ளி வந்தேன். அவிக்கப் போகையில் அறையில் கூட இருக்கும் றூபன் தட்டிவிட்டான்.

"அண்ணை, உது நஞ்சு. இஞ்ச ஒருத்தரும் உதைத் தொடமாட்டினம்."

கைகள் கொஞ்சம் கொப்பளித்துவிட்டன. எழுத்துக் கோணலாயிருப்பது அதனால்தான். வேறொன்றுமில்லை.

அங்கே காடு இன்னும் தருகிறதா? எழுத நேரமில்லாவிட்டால் கடிதம் வேண்டாம். ஒரேயொரு நொச்சி இலையை உறைக்குள் வைத்து அனுப்பும்.

பஸ்ஸுக்கு நேரமாகிறது. இலையை ஜெனிற்றா தன் கையால் பறித்ததாக இருக்கட்டும்.

உமது
அகஸ்ரின்