எதிராளி பக்கத்துத் தெருவில் இருக்கும் பாக்கியம்

அன்பு மகளுக்கு அம்மா எழுதுவது. அப்பாவும் நானும் சுகமாக இருக்கிறோம், உன் மணிக்கட்டில் வீக்கம் வடிந்திருக்கும் என்ற நம்பிக்கையில் எழுதுகிறேன். போன ஞாயிற்றுக்கிழமை போனில் ஒன்று கேட்டாய், தப்பு அவங்க மேல, அப்புறம் நான் ஏம்மா முதல்ல பணம் கட்டணும் என்று. இத்தனை வருஷம் கரும்பலகை முன்னால் நின்றவள், அடுப்பில் பால் பொங்குகிறது என்று சொல்லிப் போனை வைத்துவிட்டேன். இப்போது சொல்கிறேன். பள்ளியில் விவாதப் போட்டி நடத்துவோமே, அதை நினைத்துக்கொள். தோற்றவன் ஜெயித்தவனின் பஸ் செலவைக் கொடுக்க வேண்டும் என்பது விதி. உள்ளூர்ப் பையன் நேராக மேடை ஏறுகிறான். வெளியூர்ப் பிள்ளையிடம் மட்டும், நீ தோற்றுவிட்டு ஊருக்குப் போய்விட்டால் உன்னை எங்கே தேடுவது, அந்தச் செலவை இப்போதே மேசையில் வை என்கிறார்கள். முன்பு நீங்கள் இருந்த நாட்டில், நீ வேலை பார்த்த பல்செட் செய்யும் அந்த லேபில், உடைந்த படியைச் சரிசெய்யாமல் விட்டது அவர்கள், விழுந்தது நீ. மாப்பிள்ளை வேலைக்காக நீங்கள் அந்த நாட்டை விட்டு வேறு நாட்டுக்குப் போய்விட்டதால், அங்கே வழக்குப் போட நீ இப்போது வெளியூர்ப் பிள்ளை; நீ தோற்றால் அவர்களுக்கு ஆகும் வக்கீல் செலவை இப்போதே முன்பணமாகக் கட்டச் சொல்கிறது நீதிமன்றம். அவர்கள் பயத்திலும் காரணம் இருக்கிறது, இல்லை என்று சொல்ல மாட்டேன். ஆனால் அந்தக் காரணம், பணம் இருப்பவனை உள்ளே விட்டு இல்லாதவனை வாசலிலேயே நிறுத்திவிடுகிறது.

உன்னிடம் சொல்லாமல் யாரிடம் சொல்வேன், சித்தி மகனை நினைத்தால் எனக்கு வயிறு எரிகிறது. அவனுக்கும் அச்சகத்தில் விரல் நசுங்கியதுதான். ஆனால் முதலாளி பக்கத்துத் தெரு. சைக்கிளில் போய் வழக்குப் போட்டான், அரசாங்கமே இலவசமாக ஒரு வக்கீலம்மாவைக் கொடுத்தது. சித்தி சாயங்காலமானால் போன் போட்டு, இன்னைக்கு ஜட்ஜே அவன உட்காரச் சொன்னாராம்க்கா என்பாள். என் மகளுக்கு அந்த நாற்காலி இல்லையே என்று அன்றைக்கு எனக்குச் சாப்பாடு இறங்கவில்லை. தீர்ப்பன்று நானும் போனேன். அச்சக முதலாளி வராண்டா பெஞ்சில் கர்சீப்பைப் பிழிந்துகொண்டிருந்தார். எதிராளி கண்ணெதிரே வியர்ப்பதைப் பார்க்கவும் கொடுத்துவைத்திருக்க வேண்டும். ஜெயித்து வெளியே வந்ததும் சித்தி, ஜெயிச்சது நாங்க, நீ ஏன்க்கா மூஞ்சியத் தூக்கி வச்சிருக்க என்றாள், எல்லாரும் சிரித்தார்கள். அப்படியே வீட்டுக்குப் போய்விடலாம் என்றிருந்தது. ஆனால் இந்த மாதக் கடைசிக்குள் முன்பணம் பற்றி நீ நீதிமன்றத்துக்குப் பதில் சொல்லாவிட்டால் உன் வழக்கு அதோடு முடிந்தது என்ற நினைப்பு வந்ததும் சித்தி பக்கம் திரும்பினேன். அந்த வக்கீலம்மாகிட்ட என்னை ஒரு வார்த்தை பேச வைடி என்று அவளிடமே கேட்டேன். என்கிட்ட ஒண்ணு கேக்க உனக்கும் வாய் வந்துச்சே என்று சொல்லிவிட்டு என் கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு போனாள். உதவி செய்ததற்கும் சேர்த்து எரிகிறது, என்ன செய்ய.

வக்கீலம்மா பொறுமையாகக் கேட்டார். அந்த நாட்டுச் சட்டம் எனக்குத் தெரியாதும்மா, ஆனா கட்டு இல்லேன்னா விட்டுடுன்னு ரெண்டே வழிதான் இருக்கும்னு நினைக்காதீங்க, வருமானத்தக் காட்டி அந்த முன்பணத்தக் குறைக்கச் சொல்லிப் பல இடத்துல கேக்க முடியும், உங்க பொண்ணு கேட்டாளா என்றார். மெயிலுக்கு மெயில் பில் போடுகிறார் என்று உன் வக்கீலிடம் நீ எதையும் கேட்பதையே நிறுத்திவிட்டாய், எனக்குத் தெரியும்.

கையைப் பழக்குகிறேன் என்று தண்ணீர்க் குடத்தைத் தூக்கிவிடாதே. நீங்கள் இருவரும் நோய்நொடி இல்லாமல், ஒருவருக்கொருவர் துணையாக நல்லபடி வாழ வேண்டும். வழக்கைக் கைவிடுகிறேன் என்று எழுதும் முன், நாளைக் காலை அந்த நீதிமன்ற அலுவலகத்துக்கு நீயே போன் போட்டு, முன்பணத்தைக் குறைக்க யாரிடம் மனுக் கொடுக்க வேண்டும் என்று கேள்.

உன் நினைவாகவே இருக்கும்,
அம்மா