செருப்பில்லாமல் ஒரு சுற்று

உடையார்பாளையம்
18.6.2006

ஃப்ளோரிடாவில் இருக்கும் மகன் அழகேசனுக்கு அப்பா செல்லதுரை எழுதுவது.

நலம், நலமறிய ஆவல் என்று தொடங்கித்தான் எனக்குப் பழக்கம். இன்றைக்கு அதை எழுதக் கை வரவில்லை. இங்கே நலமில்லை. உன் நலத்தை விசாரிக்கும் நிலையிலும் நான் இல்லை.

போன் இருக்கும்போது அப்பா எதற்குக் கடிதம் எழுதுகிறார் என்று நினைப்பாய். போனில் நீ ஒரு தடவை “அப்பா” என்று கூப்பிட்டால் என் கோபம் இறங்கிவிடும். இந்தத் தடவை அது இறங்கக் கூடாது. அதோடு உன் அம்மா என் கையைப் பிடித்துத் தன் தலையில் வைத்து, போனில் உன்னிடம் மூச்சு விடக் கூடாது என்று சத்தியம் வாங்கியிருக்கிறாள். போனில்தானே? கடிதம் எழுதக் கூடாது என்று அவள் சொல்லவில்லை.

விஷயத்துக்கு வருகிறேன். உன் அம்மா பெரம்பலூர் ஆஸ்பத்திரியில் படுத்திருக்கிறாள். வலது காலில் சுண்டுவிரலையும் அதற்கு அடுத்த விரலையும் எடுத்துவிட்டார்கள். பதறாதே என்று எழுத மாட்டேன். பதறு. நன்றாகப் பதறு.

போன மாதம் உன்னிடமிருந்து வந்து இறங்கும்போதே ஒரு காலைச் சாய்த்துச் சாய்த்துத்தான் நடந்தாள். கேட்டதற்கு, ப்ளேனில் காலைத் தொங்கப் போட்டே வந்ததில் வீங்கிவிட்டது என்றாள். நானும் நம்பினேன். ஆனால் நீ வாங்கிக் கொடுத்த சாக்ஸை வீட்டுக்குள்ளேயும் கழற்றவில்லை. கத்திரி வெயிலில் உடையார்பாளையத்தில் யாராவது சாக்ஸ் போட்டுக்கொண்டு அடுப்படியில் நிற்பார்களா? ஒரு நாள் பக்கத்தில் உட்கார்ந்தபோது நாற்றம் வந்தது. சண்டை போட்டுத்தான் கழற்றினேன். அந்தக் காலை நான் பார்த்த மாதிரி நீ பார்த்திருக்க வேண்டும்.

அரியலூர் டாக்டர் பார்த்ததும் பெரம்பலூருக்குப் போகச் சொல்லிவிட்டார். சர்க்கரை உள்ளவர்களுக்குப் பாதம் மரத்துப் போயிருக்கும், ஆணி ஏறினாலும் தெரியாது, இந்தம்மாவுக்கு எங்கேயோ நன்றாகக் கிழித்திருக்கிறது என்றார். எங்கே கிழித்தது என்று உன் அம்மாவைக் கேட்டால், தெரியல, தெரியல என்று அதையே சொன்னாள்.

எனக்கு அதைக் காட்டிக் கொடுத்தது நீ எடுத்த படம். பெரிதாக்கி, கண்ணாடிச் சட்டம் போட்டு, அவளிடமே கொடுத்து அனுப்பினாயே, அதுதான். மாற்றுப் புடவை எடுக்க வீட்டுக்கு வந்தவன் கூடத்தில் நின்று அதைப் பார்த்தேன். பலகைப் பாலம், இரண்டு பக்கமும் சேறு, வேர் வெளியே நிற்கிற மரங்கள், பெரிய வெள்ளைக் கொக்கு. கொக்கு பளிச்சென்று விழுந்திருக்கிறது. பக்கத்தில் உன் அம்மா கொஞ்சம் மங்கலாக நிற்கிறாள், காலில் செருப்பில்லாமல்.

டேய், அந்தப் படத்தை எடுத்தவனே நீதானேடா! உன் கண் எங்கே இருந்தது, பிடரியிலா? கொக்கின் கால் தெரிந்தது, பெற்றவள் கால் தெரியவில்லையா? கடைக்குப் போய்ப் பெரிதாக்கி, சட்டம் போட்டு, காகிதம் சுற்றினாயே, அப்போதுகூடவா தெரியவில்லை?

ஆஸ்பத்திரிக்குப் போய் உன் அம்மாவை உலுக்கிவிட்டேன். அப்புறம்தான் சொன்னாள். ஒரு சனிக்கிழமை நீயும் உன் பெண்டாட்டியும் அவளைக் கடற்கரைப் பக்கம் ஒரு சதுப்புக்கு நடக்கக் கூட்டிப்போனீர்களாம். ஒரு சுற்றுதான் அத்தை, சுத்தி வந்தா கிளம்பின எடத்துக்கே வந்துரலாம் என்று பிரவீணா சொன்னாளாம். அப்படியென்றால் நடுவில் என்ன கோயில் என்று இவள் கேட்டாளாம். நீங்கள் சிரித்தீர்களாம்.

இதில் சிரிக்க என்னடா இருக்கிறது? அவள் பிறந்ததிலிருந்து எதையாவது சுற்றி வந்தாள் என்றால் அது சாமியைத்தான். காரை எடுத்துக்கொண்டு போய், தண்ணீரைச் சுற்றிவிட்டு, ஒரு கும்பிடும் போடாமல் வீடு திரும்புகிற ஜனத்தை அவள் எங்கே பார்த்தாள்? சாமி இல்லாம யாராவது இம்புட்டு தூரம் சுத்துவாங்களா, இதுங்களுக்குத் தெரியல, உள்ளுக்குள்ள ஏதோ இருக்கு என்று அவளே முடிவு செய்துகொண்டாள். நீ வாங்கிக் கொடுத்த பூட்ஸைக் கழற்றி, அம்புக்குறி போட்ட பலகைக்குப் பக்கத்தில் பெஞ்சுக்கு அடியில் வைத்தாள். வந்த எடத்துக்கே வரப் போறோம், எங்க போயிடும் என்று நினைத்தாளாம்.

வேண்டுதல் என்ன என்று உனக்கு நான் சொல்ல வேண்டியதில்லை. உங்களுக்குக் கல்யாணமானதிலிருந்து அவளுக்கு அந்த ஒரே வேண்டுதல்தான். ஏலாக்குறிச்சியில் மாதா கோயிலில் தொட்டில் கட்டினாள். குலதெய்வத்துக்கு முன்னால் மண்சோறு தின்றாள். உங்கள் சதுப்பிலும் விடவில்லை. அந்தத் தண்ணிக்கு நடுவுல எந்தச் சாமி இருந்தாலும் சரி, எம்புள்ளைக்கு ஒரு கொழந்தயைக் குடு, ஒன்னைய வெறுங்காலோட சுத்தி வரேன் என்று சொல்லிக்கொண்டு நடந்திருக்கிறாள்.

பாதி வழி கிளிஞ்சல் கொட்டிய பாதையாமே! கரையில் முதலை வெயில் காய்ந்துகொண்டிருந்ததாமே! முதலையை நீங்கள் இரண்டு பேரும் நின்று நின்று படம் எடுத்தீர்களாம். இவள் சாமி பெயரைச் சொல்லிக்கொண்டே அதைத் தாண்டிப் போனாளாம். ரத்தம் வந்தது அவளுக்கே தெரியவில்லை. சுற்றி முடித்து பூட்ஸை மாட்டியபோது உள்ளே பிசுபிசு என்று இருந்ததாம். அப்போதே சொல்லித் தொலைப்பதற்கென்ன என்று கத்தினேன். சொன்னா மறுபடியும் சிரிப்பாங்க என்றாள்.

உன் அப்பன் பஸ்ஸில் கண்டக்டராக இருந்தவன். நீ அதை வெளியில் சொல்லிக்கொள்ள மாட்டாய், பரவாயில்லை. அரியலூர் ரூட்டில் ஓடிய காலமெல்லாம் பின்படியைப் பார்க்காமல் நான் ஒரு நாளும் விசில் ஊதியதில்லை. கூடையோடு ஒரு கிழவி ஓடி வந்தால் டிரைவர் கத்துவார், நேரமாச்சு, வுடுய்யா என்று. ஏறட்டும் இருங்க என்பேன். அந்தக் கிழவிகள் எனக்கு என்ன உறவு? ஒன்றுமில்லை. உனக்குப் பின்னால் வந்தவள் உன்னைப் பெற்றவள். ஒரு தடவை திரும்பியிருந்தால் போதும்.

பிரவீணாவை இதில் இழுக்காதே. அவளைப் போய்த் திட்டினாய் என்று தெரிந்தால் எனக்குக் கெட்ட கோபம் வரும்.

இதோடு நிறுத்தியிருப்பேன். போன ஞாயிற்றுக்கிழமை பேசினோமே, அது நெஞ்சில் கிடந்து அறுக்கிறது. ஆஸ்பத்திரிக்கு எதிரே இருக்கிற பூத்திலிருந்துதான் கூப்பிட்டேன். வீட்டிலிருந்து பேசுகிறேன் என்று பொய் சொன்னேன். உங்கம்மா பேரப்புள்ளைக்கு ரொம்ப ஏங்கிப் போயிருக்கா, நீங்க ரெண்டு பேரும் ஒரு டாக்டரப் பாத்தா என்ன என்று கேட்டேன். நீ சாதாரணமாகச் சொன்னாய்: எங்களுக்கு ஒரு கொறையும் இல்லப்பா, நாங்கதான் இப்பக் கொழந்த வேணாம்னு வச்சிருக்கோம், ஆரம்பத்துலேர்ந்தே அப்படித்தான்.

லைன் கட்டாகிவிட்டது என்று நினைத்திருப்பாய். கட்டாகவில்லை. நான்தான் வைத்தேன்.

வேண்டாம் என்பது உங்கள் இஷ்டம். அதில் நான் வாயைத் திறக்க மாட்டேன். அதை அவளிடம் ஒரு வார்த்தை சொல்வதற்கு என்னடா கேடு உனக்கு? தொட்டில் கட்டியதைப் போனில் உன்னிடம்தானே சொன்னாள். மண்சோறு தின்றதையும் சொன்னாள். நீ ஊம் கொட்டிக்கொண்டு இருந்தாய். வேண்டாம்மா, நாங்களே தள்ளிப்போட்டிருக்கிறோம் என்று அன்றைக்குச் சொல்லியிருந்தால் அவள் அழுதிருப்பாள், ஒரு வாரம் உன்னிடம் பேசாமல் இருந்திருப்பாள். பூட்ஸைப் போட்டுக்கொண்டு உங்களோடு கொக்கு பார்த்துவிட்டு வந்திருப்பாள்.

இப்போது நிலைமை இதுதான். புண் இன்னும் காயவில்லை. வெள்ளிக்கிழமை கட்டைப் பிரித்துப் பார்ப்பார்கள். சீழ் ஏறியிருந்தால் கணுக்காலோடு எடுக்க வேண்டி வரும் என்று டாக்டர் என்னைத் தனியாகக் கூப்பிட்டுச் சொன்னார். அவளிடம் நான் சொல்லவில்லை.

அவளோ சந்தோஷமாக இருக்கிறாள். அதுதான் என்னால் தாங்க முடியவில்லை. பாதியில நிக்கல, முழுசா சுத்தி முடிச்சிட்டேன், பலிக்காமப் போவாது என்று பக்கத்துக் கட்டில் காத்தாயியிடம் சொல்கிறாள். அந்தப் படத்தைச் சுவரிலிருந்து இறக்கிவிட்டேன் என்றதும், எம்புள்ள எடுத்த படம், திரும்ப மாட்டுங்க என்று என்னைத் திட்டினாள். தினம் நான் உள்ளே நுழைந்ததும் காலைப் பற்றிப் பேசுவதில்லை. பிரவீணாகிட்டேர்ந்து ஏதாவது சேதி வந்துச்சா என்றுதான் கேட்கிறாள். வரும் என்கிறேன். வேறு என்ன சொல்ல?

லீவு போட்டுவிட்டுக் கிளம்பி வா. நடக்க ஆரம்பித்ததும் வராந்தாவில் அவளைத் தினம் ஒரு சுற்று கூட்டிப்போகச் சொல்வார்கள். அப்போது அவளை முன்னால் விட்டு நீ பின்னால் நட. அவள் காலைப் பார்த்துக்கொண்டே நட. உன்னைப் பார்த்ததும் அவள் அந்தச் சேதியைத்தான் கேட்பாள். என்ன பதில் சொல்வாய் என்று வழியிலேயே யோசித்துக்கொண்டு வா. எனக்கு அந்தத் தைரியம் இல்லை.

நீயும் பிரவீணாவும் நன்றாக இருங்கள். இந்த ஒரு வரியை எழுதாமல் விட்டால் உன் அம்மா என்னை மன்னிக்க மாட்டாள்.

உன் அப்பா
செல்லதுரை

பி.கு.: வரும்போது அவளுக்குப் புதிதாகச் செருப்பு, பூட்ஸ் எதுவும் வாங்கி வராதே. வந்த பிறகு காலைப் பார்த்து வாங்கிக்கொள்ளலாம்.