மாதுளைத் தூரில் ஆசிட்

ஆனி 12, செவ்வாய்

வாசலில் நான் வளர்க்கும் மாதுளை போன வாரம்தான் முதன்முறையாகக் கிளை நிறையப் பூத்தது. மாலையில் பள்ளிக்கூடத்தில் பாடம் நடத்திவிட்டு வந்து தண்ணீர் ஊற்றப் போனால், கக்கூஸ் கழுவும் ஆசிட் வாடை குப்பென்று வந்தது. தூரைச் சுற்றி மண் வெளுத்துக் கிடந்தது.

மாடியில் இருக்கும் வீட்டுக்கார அக்காவிடம் கேட்டேன். அவர் முகத்தில் கொஞ்சமும் கூச்சமில்லை.

“எங்க வீட்டு அவுகதான் ஊத்தச் சொன்னாக. புதுக் கார் மேல ஒரே பூவாக் கொட்டுதுல்ல? வேணும்னா தொட்டியில ஒண்ணு வச்சுக்க.”

போன ஞாயிறு இதே பூக்களின் முன்னால் நின்று போட்டோ எடுத்துக்கொண்டவர். நாலு வார்த்தை கேட்கத்தான் வாயைத் திறந்தேன். “பரவாயில்லக்கா” என்று வந்தது. சிரிக்கவும் செய்தேன். பழனிசெட்டிபட்டியில் இந்த வாடகைக்கு வேறு வீடு கிடைக்காது.

பிறகு மேல்மண்ணை வழித்தெடுத்துவிட்டு வாளி வாளியாகத் தண்ணீர் ஊற்றினேன். பிழைக்குமா, தெரியவில்லை. இரண்டு முறை சோப்புப் போட்டும் கையில் அந்த வாடை போகவில்லை. ஆனால் அருவருப்பு என் மேல்தான்.

நான் தண்ணீர் சுமப்பதை அக்கா மேலிருந்து பார்த்தார். “பாவம், ஒரு மரத்துக்கு இம்புட்டு மெனக்கெடுறியே” என்றார்.

அதற்கும் சிரித்தேன்.