சந்தனப் பொட்டுக்குக் கீழே

மச்சான்,

இன்று காலை உன் பிக்கப்பில் கிரைண்டரை வைத்ததும் சந்தனம் மணத்தது. கறள் பிடித்த தகடும் பழைய பெயின்டும் கருகுகிற மணம் எனக்குச் சோற்று மணம் மாதிரி. அதற்குள்ளிருந்து சந்தனம் வந்ததும் கை தானாக நின்றுவிட்டது. கனத்தைச் சுடலையில் உன்னை வைத்த அன்றைக்கு இருந்த அதே மணம். மெஷினை நிறுத்திவிட்டு, எதிர்க்கடையில் ஒரு பிளேன்டீ குடித்த பிறகுதான் திரும்பி வந்தேன்.

வண்டியை நேற்று என் கராஜுக்குக் கொண்டுவந்து விட்டது தங்கச்சிதான். உன் மனைவியைக் கலியாண நாளிலிருந்தே நான் அப்படித்தானே கூப்பிடுகிறேன். நீ நடத்திய கலியாணச் சமையலை இப்போது அவள் நடத்துகிறாள். சாம்பார் அண்டாக்களை ஏற்றிக்கொண்டு வெள்ளவத்தையிலும் பம்பலப்பிட்டியிலும் மண்டபம் மண்டபமாக அவளே ஓட்டிப் போகிறாள். ஆவணிக் கலியாண ஓடர்கள் தொடங்க முதல் வண்டி பளபளவென்று இருக்க வேண்டுமாம். "மேலால ஒரு பூச்சுப் பூசிவிடுங்கோ அண்ணா. வெட்ட வேண்டாம். அவர் வெட்ட விடேல்லைத்தானே" என்றாள். உயிரோடு இருந்தபோது உன் சொல்லுக்கு அந்த வீட்டில் இவ்வளவு மதிப்பு இருந்ததாக எனக்கு ஞாபகமில்லை.

முதன்முதலில் பெயின்ட் பொங்கிய அந்தக் குமிழை நீ கொண்டுவந்து காட்டிய நாள் உனக்கு நினைவிருக்கும். முன்கண்ணாடியின் கீழ் மூலையில், சாரதிப் பக்கம், பட்டாணிக் கடலை அளவு. உன் வீடு ரயில் பாதையோரம், பின்னால் கடல். உப்புக் காற்று மேலே தின்ன, சிந்திய சாம்பாரும் மோரும் கீழே தின்ன, அந்த வண்டிக்கு இரண்டு பக்கமும் பந்தி. நான் பெருவிரலால் அழுத்தினேன். உள்ளே அப்பளம் நொறுங்குகிற சத்தம். கறள் வெளியே வரும்போது உள்ளே வேலையை முடித்துவிட்டுத்தான் வருகிறது, நல்ல தகடு வரும் வரைக்கும் வெட்டியெடுத்துப் புதுத் தகடு வெல்டிங் பண்ண வேண்டும் என்றேன். நீ பதறிப்போனாய். உன் தொழில் தொடங்கியதே அந்த வண்டியோடுதான். அது வந்த பிறகுதான் வீட்டில் விளக்கு எரிந்தது என்பாய். "ஓடுற வண்டியில கத்தி வைக்காதை மச்சான். லட்சுமி போயிடும்" என்றாய்.

அந்த வருட ஆயுத பூசைக்கு நான் வந்தபோது, அண்டாவுக்கும் அகப்பைக்கும் சின்னச் சின்னப் பொட்டு. பிக்கப்பின் மூலையில் மட்டும் குமிழை மூடி ஒரு தடித்த சந்தனப் பொட்டு, நடுவில் குங்குமம். அடுத்த வருடம் அது இரண்டு மடங்காகியது. பிறகு வடை அளவுக்கு வந்தது. அடியில் ஓட்டையை அடைக்கும் புட்டி, அதன் மேல் பெயின்ட், அதன் மேல் சந்தனம். கோயில் ஐயரின் நெற்றியை உன் பிக்கப் வென்றுவிட்டது என்று நான் நக்கலடித்தேன். நீ அசையவில்லை. பொலிஸ்காரன்கூடப் பொட்டைச் சுரண்டிப் பார்க்கமாட்டான் என்று சிரித்தாய். அது உண்மைதான், யாரும் சுரண்டவில்லை.

உன் காலையும் யாரும் பார்க்கவில்லை. உனக்கும் தங்கச்சிக்கும் சீனி வருத்தம் என்பது எல்லாருக்கும் தெரியும். ஒரே பெட்டியிலிருந்து இருவரும் மாத்திரை எடுப்பீர்கள், பாயாசத்தில் சீனி காணுமா என்று இருவரும் ருசி பார்ப்பீர்கள். ஒருநாள் பின்னேரம் என் கராஜில் நின்று நீ கதைத்துக்கொண்டிருந்தாய். நான் வேறொரு வண்டியின் மட்காட்டை வெட்டிக்கொண்டிருந்தேன். வெட்டுப்பட்ட சூடான துண்டு ஒன்று உருண்டுபோய் உன் செருப்புக்குள் விழுந்தது. றப்பர் கருகும் மணம் எனக்குத்தான் முதலில் வந்தது. நீ யாரோ ஒரு மாப்பிள்ளை வீட்டார் கேட்ட பலகாரத்தைப் பற்றிச் சொல்லிக்கொண்டேயிருந்தாய். நான் கத்திய பிறகுதான் குனிந்து பார்த்தாய். "பாத்தியே, என்ர கால் இரும்பு" என்றாய். நான் குறட்டால் அந்தத் துண்டைத் தட்டிவிட்டேன். அதே காலின் சின்ன விரலில் ஏற்கெனவே ஒரு துணிக்கட்டு இருந்ததையும் அப்போதுதான் கண்டேன். என்ன அது என்று கேட்டேன். "ஒண்டுமில்லையடா. செருப்புக் கடி."

அந்தச் சொல்லை நீ எல்லாரிடமும் சொன்னாய். ஆஸ்பத்திரியில் கட்டைப் பிரித்த டொக்டர் மட்டும் நம்பவில்லை. விரலை எடுக்க வேண்டும், நல்ல சதை வரும் வரைக்கும் வெட்ட வேண்டும் என்று சிங்களத்தில் சொன்னாராம். "அந்தாளும் உன்னை மாதிரியே கதைக்குது மச்சான்" என்று எனக்குப் போன் பண்ணிச் சிரித்தாய். பிறகு ஒரு கலியாண ஓடர் இருக்கிறது, முடித்துவிட்டு வருகிறேன் என்று கையெழுத்து வைத்துவிட்டு வீட்டுக்குப் போனாய். மஞ்சளும் வேப்பிலையும் அரைத்துப் பூசிக்கொண்டு, அதற்கு மேல் சொக்ஸ் போட்டுக்கொண்டு பந்தி பரிமாறினாய். திரும்பிப் போனபோது விரலைப் பற்றிய கதையே இல்லை. முழங்காலுக்குக் கீழே என்றார்கள். அதற்குள் விஷம் இரத்தத்தில் ஏறிவிட்டது. வார்டில் என் கையைப் பிடித்து, "நீ சொன்னண்டைக்கே வெட்டியிருக்கலாம்" என்றாய். வண்டியா காலா என்று நான் கேட்கவில்லை. உன் மேல் எனக்கு இன்னும் கோபம்தான், மச்சான். வெட்டச் சொன்ன இரண்டு பேரையும் நீ நக்கலடித்துவிட்டுப் போய்விட்டாய்.

சரி, வண்டிக்கு வருகிறேன். பொட்டை எடுத்துவிட்டுக் காந்தத்தை வைத்துப் பார்த்தேன். தகடு இருந்தால் ஒட்டும், புட்டி என்றால் வழுகும். கண்ணாடி மூலையில் வைத்த காந்தம் கதவுப் பிணைச்சல் வரைக்கும் எங்கேயும் ஒட்டாமல் வழுகி நிலத்தில் விழுந்தது. புட்டியை உடைத்தேன். கதவைத் தாங்கும் தூணே பொடியாகிவிட்டது. காலிக்குப் போகும் பெருவீதியில் ஒரு பெரிய பள்ளம் போதும், கதவு கையோடு வந்திருக்கும். அந்தக் கதவுக்குப் பக்கத்தில் இருந்துதான் தங்கச்சி தினமும் ஓட்டியிருக்கிறாள்.

பதினொரு மணிபோல அவள் வேலையைப் பார்க்க வந்தாள். ஓட்டையைக் காட்டினேன். விளிம்பை விரலால் தொட்டாள், பொடி உதிர்ந்தது. எதுவரைக்கும் வெட்டுவீர்கள் என்று கேட்டாள். நல்ல தகடு வரும் வரைக்கும் என்றேன். அந்த வசனத்தை அவள் வேறொரு இடத்தில் கேட்டிருக்கிறாள், முகம் ஒரு மாதிரிப் போனது. சரி, வெட்டுங்கோ என்று சொல்லிவிட்டு நிழலில் கிடந்த கதிரையை நோக்கி நடந்தாள்.

நடையில் ஒரு சாய்வு. வலது காலின் வெளி விளிம்பை ஊன்றி நடந்தாள். செருப்பு வாருக்குக் கீழே ஒரு பிளாஸ்டர், ஓரமெல்லாம் ஊத்தையாகிக் கறுத்திருந்தது.

"அது என்ன தங்கச்சி?"

"ஒண்டுமில்லை அண்ணா. செருப்புக் கடி."

கிரைண்டரைக் கீழே வைத்தேன். நோகுதா என்று கேட்டேன். என்னை ஆறுதல்படுத்துகிற மாதிரிச் சிரித்தாள்.

"இல்லை அண்ணா. கொஞ்சமும் நோகேல்லை."

நோகிறது என்று ஒரு சொல் சொல்லமாட்டாளா என்றிருந்தது எனக்கு. இப்போதே டொக்டரிடம் போக வேண்டும் என்றேன். ஆவணி ஓடர்கள் முடியட்டும், அதற்குப் பிறகு பார்ப்போம் என்றாள். நீ பேசுவதைக் கேட்ட மாதிரியே இருந்தது. கிரைண்டரை எடுத்து, மிச்சத் தூணையும் வெட்டி, கதவைக் கழற்றிச் சுவரில் சாய்த்துவிட்டேன். வண்டிச் சாவியை எடுத்து என் சட்டைப் பைக்குள் போட்டேன். டொக்டரிடம் காலைக் காட்டிவிட்டு வந்தால்தான் கதவைத் திரும்பப் பொருத்துவேன் என்று சொன்னேன். ஆத்திரத்தில் அவளுக்குக் கண் கலங்கிவிட்டது. என் மனைவி வந்து அவளை ஒரு ஓட்டோவில் ஏற்றிக்கொண்டு ஆஸ்பத்திரிக்குப் போனாள்.

இன்னும் போன் வரவில்லை. உன் பிக்கப் ஒரு கதவில்லாமல் முற்றத்தில் நிற்கிறது. சாவி என் பைக்குள் இருக்கிறது. எதுவரைக்கும் வெட்ட வேண்டும் என்று டொக்டர்கள் சொல்லும் வரைக்கும் அதை யாருக்கும் கொடுக்கமாட்டேன், மச்சான். நீயே எழும்பி வந்து கேட்டாலும் கொடுக்கமாட்டேன்.